வயதுப் பெண் இருக்கும் வீடு

எங்கள் வீட்டில் ஒரு கதை இருந்தது. வருகிறவர்கள் யாராக இருந்தாலும் காபி ஆறுவதற்குள் அதைக் கேட்டாக வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடத் தப்பவில்லை.

கதை இதுதான். திருச்சியில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு ஜெர்மனியில் ஒரு பேனா சிநேகிதி. யூதப் பெண். டீச்சர் கொடுத்த விலாசத்துக்கு அம்மா எழுதப்போக, மாதம் ஒரு கடிதம் என்று மூன்று வருடம் ஓடியிருக்கிறது. அங்கே நாஜிகள் யூதர்களின் கடைகளையும் பள்ளிகளையும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்த நேரத்தில், எங்களை எப்படியாவது வெளியே எடுக்க முடியுமா என்று அந்தப் பெண் எழுதினாள். அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, ஊரில் பேர் பெற்ற வக்கீல். அவர் சர்க்காருக்கு ஜாமீன் கடிதம் எழுதினார். இவர்கள் என் வீட்டில் தங்குவார்கள், இவர்களுக்கு நான் பொறுப்பு என்று. அந்தப் பெண், அவள் அப்பா, அம்மா, அவர்கள் வீட்டில் வளர்ந்த சித்தப்பா மகள் ஆகிய நாலு பேரும் போருக்குக் கொஞ்சம் முன்னால் கப்பலேறி பம்பாயில் இறங்கி, ரயிலில் திருச்சிக்கு வந்து சேர்ந்தார்கள்.

"நாலு உயிர்" என்று கதையை முடிக்கும்போது அம்மா நாலு விரலைக் காட்டுவாள். அந்த நாலு விரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வந்தவர்கள் எட்டு வருடம் எங்கள் மாடியில் இருந்தார்கள். அம்மாவின் சிநேகிதி தமிழ் கற்றுக்கொண்டாள். தினமும் தாத்தா படித்து முடித்த செய்தித்தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிப்பாளாம். அம்மா கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வீட்டிலேயே இருந்ததால் நானும் அங்கேதான் பிறந்தேன். நான் தவழ்ந்ததும் நடந்ததும் அவள் கண்முன்னால். அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டேன். போர் முடிந்து இரண்டு வருடத்தில் அவர்கள் லண்டனுக்குப் போனார்கள். அங்கிருந்தும் மாதம் ஒரு கடிதம் அம்மாவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஆங்கிலக் கடிதம். கடைசி வரி மட்டும் மாறாது: "அப்பாவுக்கு என் நமஸ்காரம்." தாத்தா இறந்த பிறகு அது "அப்பா படத்துக்கு என் நமஸ்காரம்" என்று ஆனது. அம்மா அந்த வரியைப் படத்துக்கு எதிரே நின்று சத்தமாகப் படிப்பாள்.

அறுபதுகளின் கடைசியில் வேதியியல் ஆராய்ச்சிக்காக நான் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்துக்குப் போனேன். பெட்டியில் சாம்பார்ப் பொடி, ஆய்வுக்கூடத்தில் அமிலத்துக்கு நடுவே உடுத்திக்கொள்ள அம்மா திணித்த நாலு பட்டுப்புடவை, ஒரு விலாசம். சித்தியின் பழைய வீட்டு விலாசம் அது. அம்மா அதைப் பதின்மூன்று வயதிலிருந்து மனப்பாடமாக வைத்திருந்தாள். "போனதும் அந்த வீட்டைப் பார்த்து எனக்கு எழுது. செவுரு என்ன கலர்னுகூட எழுதணும்" என்றாள்.

டார்ம்ஸ்டாட்டில் எனக்கு முதலில் கோபம் வந்தது தமிழர்கள் மேல்தான். அங்கே பொறியியல் படிக்க வந்திருந்த நம் பையன்கள் ஆறேழு பேர். சனிக்கிழமை ரசம் வைத்துக் கூடுவார்கள். ஒரு பெண் வந்துவிட்டாள் என்றதும் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "மேடம், நீங்க பண்ணா அந்த டேஸ்டே தனி" என்று பல்லைக் காட்டினார்கள். என் கை ரசத்தை அவர்கள் அதற்கு முன்னால் குடித்ததே இல்லை.

பிறகு ஊர்க்காரர்கள் மேல் வந்தது. போரில் விமானக் குண்டுவீச்சில் ஒரே இரவில் அந்த ஊர் முழுக்க எரிந்துபோயிருந்தது. பால் கடைக்காரர் முதல் எங்கள் பேராசிரியர் வரை எல்லோரும் அந்த இரவைச் சொல்வார்கள். சொல்லும்போது கண் கலங்கும், எனக்கும் கலங்கும். அதற்கு முன்னால் இங்கிருந்த யூதர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் மட்டும், என் ஜெர்மன் சட்டென்று அவர்களுக்குப் புரியாமல் போய்விடும்.

போன வருடமே இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறன்று சித்தியின் ஊருக்குப் போனேன். டார்ம்ஸ்டாட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். மலையடிவாரத்தில் சின்ன ஊர். வீட்டுச் சுவர் மஞ்சள் நிறம். யாரோ குடியிருந்தார்கள். கதவைத் தட்டத் தைரியமில்லாமல் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள். கோட்டுக்குக் கீழே தெரிந்த என் புடவையைப் பார்த்து, "இந்தியாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள்.

"இந்த வீட்டுக்காரர்கள் இந்தியாவுக்குத்தானே போனார்கள்! உள்ளே வாருங்கள்."

காபி வந்தது, பிளம்ஸ் பழக் கேக் வந்தது. நீலக் கோடு போட்ட மெல்லிய கோப்பைகள். "இவைகூட அவர்களுடையவைதான். பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்கள்" என்றாள். அவ்வளவு பத்திரமாக, முப்பது வருடமாகத் தினமும் அதில் காபி குடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அதிர்ஷ்டசாலிகள்" என்றாள். "வெயில், யானை, வேலைக்காரர்கள். நாங்கள் இங்கே குண்டுக்குப் பயந்து நிலவறையில் உட்கார்ந்திருந்தோம்."

கைக்கு ஒரு பெட்டியோடு வந்தவர்கள் அவர்கள். சித்தியின் அப்பா திருச்சியில் ஒரு கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து மாலைவரை லென்ஸ் தேய்த்தார். போர் தொடங்கியதும், நீயும் ஜெர்மன்காரன்தானே என்று வெள்ளைக்காரப் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பல மாதம் முகாமில் வைத்திருந்தது. சித்தியின் அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். ஜெர்மன் இலக்கணப்படி வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பதற்குள் அவள் அடுத்த துண்டு கேக்கை வெட்டிவிட்டாள். என் ஜெர்மன் அப்போது கோபப்படும் அளவுக்கு வளரவில்லை.

"அந்தப் பையன்தான் பாவம்" என்றாள்.

"எந்தப் பையன்?"

"மாடி அறையில் இருந்தானே, தடிக் கண்ணாடி போட்டவன். அந்த அம்மாளின் அண்ணன் மகன். தாய் தகப்பன் இல்லை. சின்ன வயதிலிருந்து இங்கேதான் வளர்ந்தான். இவர்கள் போன பிறகும் இருந்தான். என் சைக்கிளைக்கூடச் சரிசெய்து கொடுத்தான். அப்புறம் ஒரு நாள் காலையில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இந்தச் சமையலறை ஜன்னலிலிருந்துதான் பார்த்தேன்."

"எங்கே கூட்டிக்கொண்டு போனார்கள்?"

"கிழக்கே என்று சொன்னார்கள். நமக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, காபி இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

திரும்பும் ரயிலில் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஐந்து பேர் இருந்த வீடு. கதையில் ஏன் நாலு?

அம்மாவுக்கு எழுதினேன். சுவர் மஞ்சள் நிறம் என்று எழுதி, அந்த ஐந்தாவது ஆள் யார் என்று கேட்டேன். பதிலில் ஸ்வெட்டர் போதுமா என்று விசாரித்திருந்தாள். மறுபடி கேட்டேன். அப்பளம் அனுப்பினாள். மூன்றாவது தடவை எழுதியதற்கு இரண்டே வரி: "சர்க்கார் நாலு பேருக்குத்தான் அனுமதி குடுத்துது. உன் தாத்தா அதுக்கு என்ன பண்ணுவார்?" அதை நம்பினேன். வெள்ளைக்காரச் சர்க்காரைத் திட்டுவதில் ஒரு வசதி இருந்தது. அதைத் திட்டினால் வீட்டில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சில வருடங்கள் போயின. டாக்டர் பட்டம் வாங்கி, டார்ம்ஸ்டாட்டிலேயே ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். லண்டனிலிருந்து சித்தி எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவளுடைய ஊரில், கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களைச் செதுக்கி ஒரு கல் வைக்கப்போகிறார்கள். பெயர்ப்பட்டியலை யாரோ அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் அந்த மாடி அறைப் பையனின் பெயர் இல்லை. "நீ பக்கத்தில் இருக்கிறாய். போய்க் கேள். அவனுக்கு வேறு எங்கேயும் கல் கிடையாது" என்று எழுதியிருந்தாள்.

போனேன். நகராட்சி அலுவலகத்தில் பட்டியல் தயாரித்தவர் நாற்பது வயதுக்காரர், மிகவும் மரியாதையானவர். அந்த மரியாதையை நினைத்தாலே எனக்கு இப்போதும் கை பரபரக்கிறது. ஒரு பழைய அட்டையை எடுத்து வைத்தார். அந்த வீட்டில் இருந்த ஐந்து பேரின் பெயர்களும் ஒரே அட்டையில் இருந்தன. ஐந்துக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே வரி: குடிபெயர்ந்தனர், இந்தியா.

"எங்கள் பதிவின்படி அவர் இந்தியாவில் இருக்கிறார்" என்றார்.

"இந்தியாவில் எங்கே? எங்கள் வீட்டு மாடியிலா? அந்த மாடி எனக்குத் தெரியும். அங்கே அவர் இல்லை."

"உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் காகிதம் வேண்டும்."

பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் பட்டியல் டார்ம்ஸ்டாட் தீயில் எரிந்துபோய்விட்டதாம். சித்தியின் வாக்குமூலம் செல்லாது. அவள் அப்போது ஊரில் இல்லை. அப்படியானால் பார்த்த சாட்சி இருக்கிறதே என்று நேரே பக்கத்து வீட்டு அம்மாளிடம் போனேன். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். "அன்றைக்கு ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். கையெழுத்தெல்லாம் போடமாட்டேன். நான் இந்த ஊரில்தானே வாழ வேண்டும்?" என்றாள். சைக்கிளைச் சரிசெய்து கொடுத்தவனுக்காக ஒரு கையெழுத்துத்தான் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டாள்.

மறுபடி அலுவலகம். அந்த மனிதரே ஒரு வழி சொன்னார். இந்தியாவில் ஜாமீன் கொடுத்தவரிடம் ஏதாவது காகிதம் இருக்கும். நாலு பேருக்குத்தான் ஜாமீன் என்று அதில் இருந்தால், ஐந்தாமவர் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஈஸ்டருக்கு முன்னால் பட்டியல் கல் செதுக்குபவரிடம் போய்விடும், அதற்குள் கொண்டுவாருங்கள் என்றார்.

தாத்தா ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப்போடாதவர். எல்லாம் சிவப்பு நாடா கட்டி அலமாரியில் இருந்தது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு எழுதினேன். "கரையான் அரித்துவிட்டது" என்று பதில் வந்தது. அந்த அலமாரி தேக்கு, அதில் எந்தக் கரையானும் வாய் வைத்ததில்லை. நீ அனுப்பாவிட்டால் நானே விமானம் ஏறி வந்து பூட்டை உடைப்பேன் என்று எழுதினேன். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எழுதினேன். மூன்று வாரம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது.

உள்ளே சித்தி பதினாறு வயதில் எழுதிய கடிதம் இருந்தது. உருண்டை உருண்டையான ஆங்கில எழுத்து. கெஞ்சல் இல்லை, அழுகை இல்லை. கடைசியில் ஐந்து பெயர், ஐந்து வயது. ஐந்தாவது பெயர் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தாத்தாவின் முத்து முத்தான தமிழ்க் கையெழுத்து, அதுவும் பென்சிலில்:

"பையனை விட்டுவிடலாம். வயதுப் பெண் இருக்கும் வீடு. நால்வருக்கு மட்டும் ஜாமீன் எழுதினேன்."

அந்தக் கடிதத்தைச் சுற்றி அம்மாவின் கடிதம்.

"அந்த லெட்டரை அப்பா என்கிட்ட காட்டி, யார் இந்த அஞ்சாவதுன்னு கேட்டார். அவ அம்மாவோட அண்ணன் பையன்னு சொன்னேன். அப்ப முறைப்பையனான்னார். நான் சிரிச்சுட்டேன். அவன் பேரைச் சொல்லித்தான் அவளை லெட்டர்ல கேலி பண்ணிக்கிட்டிருப்பேன். உன் மாப்பிள்ளை எப்படி இருக்கார்னு. பத்தொம்பது வயசுப் பையன் மாடில, நீ கீழ தாவணி போட்டுக்கிட்டு, ஊர் என்ன பேசும்னார். அவனோட அப்பா வழி ஆளுங்க யாராவது பார்த்துப்பாங்கன்னார். எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. எனக்கு அப்போ பதினாறு வயசு. இவங்க வந்து இறங்கினப்ப, சர்க்கார் நாலு பேருக்குத்தான் குடுத்துதுன்னு அப்பா சொல்லிட்டார். அவ இன்னிவரைக்கும் அதைத்தான் நம்பறா. அப்பா படத்துக்கு நமஸ்காரம் எழுதறா. லெட்டரை ஆபீஸ்ல காட்டிக்கோ. பென்சில்ல எழுதினதை மட்டும் ரப்பர் வெச்சு அழிச்சுடு. அவளுக்குத் தமிழ் மறந்திருக்கும். ஆனாலும் அழிச்சுடு."

என்னால் உட்கார முடியவில்லை. அறைக்குள் நடந்தேன். அப்பா வழி ஆளுங்களாம்! நம் ஊரில் ஒரு பையனுக்குப் பெரியப்பா, சித்தப்பா, பங்காளி என்று யாராவது வந்து நிற்பார்கள். அந்த ஊரில் யூதப் பையனுக்கு யார் வந்து நிற்பார்கள் என்று தாத்தா நினைத்தார்? சித்தப்பா மகளை அவர் தயங்காமல் "மகள்" என்று எழுதியதை ஒரு பெருமையாகவே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா மகள் மகள்தானே, இதில் பொய் என்ன இருக்கிறது என்பாராம். அதே மனிதருக்கு மாமா மகன் மாப்பிள்ளையாகத்தான் தெரிந்தான். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ஒரு வீட்டுக்கு நம் முறையைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து, ஒருத்தியை உள்ளே எடுத்துக்கொண்டு ஒருத்தனை வெளியே விட்டுவிட்டார். கோர்ட்டில் ஒரு பொய் வார்த்தை எழுதாத வக்கீல், வீட்டு மாடியில் உட்கார்ந்து சித்தியிடம் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார்.

"வயதுப் பெண் இருக்கும் வீடு." அந்த வார்த்தைகளைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். அதைச் சொல்லித்தான் என்னைக் கல்லூரிச் சுற்றுலாவுக்கு அனுப்பவில்லை. என் அண்ணனின் சிநேகிதன் ஒருமுறை காய்ச்சலோடு மழையில் வந்து நின்றபோது, அதைச் சொல்லித்தான் அவனை மாட்டுக் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள். அது என்னிடமிருந்து ஒரு சுற்றுலாவைப் பிடுங்கிக்கொண்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது ஆளையே விழுங்கியிருக்கிறது. இதில் தாத்தா காப்பாற்றிய மானம் அம்மாவுடையது. அந்த மானத்தின் பெயரில்தான் அவள் ஊரெல்லாம் நாலு விரலைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மேஜையில் ரப்பர் இருந்தது. நல்ல ஜெர்மன் ரப்பர். அழித்தால் தடம்கூடத் தெரியாது. அழித்தால் அது ஐந்து பேருக்கு உதவி கேட்ட வெறும் கடிதம், எதற்கும் சாட்சி இல்லை, கல்லில் அவன் பெயர் வராது. அழிக்காவிட்டால், பட்டியல் விஷயமாக நேரில் வரப்போகிற சித்தி அதைப் படிப்பாள். முப்பது வருடமாக அவள் அப்பா என்று கும்பிட்ட மனிதர் அவளுக்கு இல்லாமல் போவார். ஒரு முறை ரப்பரைக் காகிதத்தின் மேல் வைத்தும் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். அப்போது பக்கத்து வீட்டு அம்மாளின் குரல்தான் காதில் விழுந்தது. நமக்கென்ன தெரியும்? எனக்குத் தெரிந்துவிட்டதே. ரப்பரை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன்.

அடுத்த வாரம் சித்தி வந்தாள். அந்த நாட்டை விட்டுப் போன பிறகு அன்றுதான் முதல்முறையாகத் திரும்பக் கால் வைக்கிறாள். டார்ம்ஸ்டாட் ரயில் நிலையத்தில், குட்டையாக வெட்டிய நரை முடியோடு இறங்கி, என்னை மேலும் கீழும் பார்த்து, "என்னடி இப்படி எளச்சுட்ட?" என்றாள். தமிழ் அவளுக்கு மறந்திருக்கும் என்று அம்மா எப்படி நினைத்தாளோ! ஆனால் ஜெர்மன் பேசமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தாள். பஸ் ஓட்டுநரிடம்கூட ஆங்கிலத்தில்தான் டிக்கெட் கேட்டாள்.

அலுவலகத்துக்குக் கிளம்பும் முன்பே கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன். தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "பாருடி, என் இங்கிலீஷ் எவ்வளவு மோசம்" என்று சிரித்தாள். பிறகு பென்சிலைப் பார்த்தாள். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். செய்தித்தாளை அப்படித்தான் படிப்பாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். படித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"வயசுப் பொண்ணுன்னா யாரு? நானா, உங்கம்மாவா?"

"அம்மா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவன் பொண்ணுங்க இருக்கிற ரூமுக்குள்ளயே வரமாட்டான்டி. என் சிநேகிதிங்க வந்தா மாடிக்கு ஓடிடுவான். அவங்க போற வரைக்கும் எறங்கமாட்டான். சாப்பாட்டைத் தட்டுல போட்டு மேல கொண்டுபோய்க் குடுக்கணும்."

"கத்து சித்தி" என்றேன். "தாத்தாவைத் திட்டு. அம்மாவைத் திட்டு. என்னையாவது திட்டு."

"எப்படிடி திட்டறது? எட்டு வருஷம் அவர் வீட்டுச் சோறு சாப்பிட்டிருக்கேன். திட்டினாலும் நான் இருக்கேன், அவன் இல்ல. சாப்பிட்டது வயித்துல இருக்கே." கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "எழுந்திரு. ஆபீஸை மூடிடப்போறான்."

நகராட்சி அலுவலர் கடிதத்தை வாங்கி, அடிக்கப்பட்ட பெயரைப் பார்த்தார். பென்சிலில் எழுதியிருப்பது என்ன மொழி, மொழிபெயர்ப்பு வேண்டுமே என்றார். அரசு முத்திரை உள்ள மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும், தமிழுக்கு அப்படி யாரும் பக்கத்தில் இல்லை. நான் டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று தெரிந்ததும், அப்படியானால் நீங்களே சொல்லலாம் என்றார். அந்த ஊரில் அந்தப் பட்டத்துக்கு அவ்வளவு மதிப்பு. அமிலங்களைப் பற்றி வாங்கிய பட்டம், இதற்குப் பயன்பட்டது.

நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன், அவர் தட்டச்சு செய்தார். வயதுப் பெண் இருக்கும் வீடு என்பதற்கு ஜெர்மனில் நேராகச் சொல்ல வரவில்லை. கல்யாணமாகாத இளம் பெண் இருக்கும் வீடு, அதனால் ஒரு இளைஞனைத் தங்கவைக்க முடியாது என்று விளக்கினேன். சொந்தத் தாத்தாவை ஒரு ஜெர்மன் அரசாங்கக் கோப்புக்குள் நானே எழுதிவைத்தேன். சித்தி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். மெல்லத் தலையாட்டினார்.

"புரிகிறது" என்றார். "வீட்டில் வளர்ந்த பெண் இருந்தால் அப்படித்தான். எனக்கும் இரண்டு பெண்கள். அந்தப் பெரியவரைக் குறை சொல்ல முடியாது. புரிந்துகொள்ளக்கூடியதுதான்."

என் வாழ்நாளில் எனக்கு எத்தனையோ முறை கோபம் வந்திருக்கிறது. அன்றைக்கு வந்தது வேறு. அவர் மேஜையை இரண்டு கையாலும் அறைந்தேன். காகிதம் பறந்தது. "புரியக் கூடாது!" என்று கத்தினேன். "உங்களுக்கு இது புரியவே கூடாது! இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது, ஆனால் இது மட்டும் உங்களுக்குப் புரிகிறதா?" முதல்முறையாக என் ஜெர்மன் கோபத்துக்குப் போதுமானதாக இருந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

சித்தி என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு அவரைப் பார்த்து, அந்த நாட்டில் இறங்கியதிலிருந்து பேசாத ஜெர்மனில் பேசினாள். அவன் பெயரைச் சொன்னாள். எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொன்னாள், எழுதுகிறவர் தப்பு விடாதபடி நிறுத்தி நிறுத்தி. பிறந்த தேதியைச் சொன்னாள். "எழுதிவிட்டீர்களா? திரும்பப் படியுங்கள்" என்றாள். அவர் படித்தார். இரட்டை எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்துப் போட்டிருந்தார். திருத்தச் சொன்னாள். அவர் திருத்தும்வரை எழுந்திருக்கவில்லை.

கல்லில் அவன் பெயர் இருக்கிறது. கடைசியில் சேர்த்ததால் அகர வரிசையில் இல்லாமல் அடியில் தனியாக இருக்கிறது. அந்தக் கடிதத்தின் பட்டியலிலும் அவன் அடியில்தான் இருந்தான்.

அடுத்த மாதமும் லண்டனிலிருந்து அம்மாவுக்கு வழக்கம்போலக் கடிதம் போனது. வானிலை, முழங்கால் வலி, சித்தப்பா மகளின் பேரன். கடைசியில் அதே வரி: "அப்பா படத்துக்கு என் நமஸ்காரம்." அதற்குக் கீழே பென்சிலால், உருண்டைத் தமிழ் எழுத்தில், அவன் பெயர் மட்டும். வேறு ஒரு வார்த்தை இல்லை. அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. அதற்கு அடுத்த மாதமும்.

அம்மா மூன்று கடிதங்களையும் ஒரு உறையில் போட்டு எனக்கு அனுப்பினாள். "இதை வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது? படத்துக்கு முன்னாடி எப்படிப் படிக்கறது?" என்று கேட்டிருந்தாள். அவள் எழுத்து கோணலாக இருந்தது. அழுதுகொண்டே எழுதியிருக்க வேண்டும்.

கடிதங்களைத் திருப்பி அனுப்பினேன். கூடவே ஒரே ஒரு வரி எழுதினேன்: "பென்சில்தானே அம்மா, ரப்பர் வெச்சு அழிச்சுடு."

கொடூரமான பதில்தான். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அம்மா அழிக்கவில்லை. அதன் பிறகு நான் ஊருக்குப் போனபோதெல்லாம் பார்த்தேன், வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.